ஜக்கூரில் ஒரு பேரல் கலப்பில்லாத பெட்ரோல் வேண்டும்

கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் கலக்காத பெட்ரோல் வேண்டும் என்று யார் வாயைத் திறந்தாலும், “அப்போ விவசாயி நல்லா இருக்கக் கூடாதா?” என்று சண்டைக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மண்டியாவில் கரும்பு போடுகிறவருக்கு ஆலைப் பணம் காலத்தில் கைக்கு வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். கச்சா எண்ணெய்க்குப் போகும் டாலர் மிச்சமானாலும் சந்தோஷம்தான். என் கவலை, ஆல்கஹால் படும் என்று நினைத்தே பார்க்காத காலத்தில் செய்த எஞ்சின்களைப் பற்றியது. அதிலும் வானத்தில் ஓடும் எஞ்சின்கள். அவற்றுக்காகக் கலப்பில்லாத பெட்ரோல் பெங்களூரில், ஜக்கூர் விமானத் தளம் மாதிரி ஒரே ஒரு இடத்திலாவது, இன்னதுதான் என்று எழுதி ஒட்டி விற்கப்பட வேண்டும்.

இதை பெங்களூரில் இருந்துகொண்டு கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. புஷ்பக் என்ற இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தை எச்.ஏ.எல். என்ற அரசு விமான நிறுவனம் 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்டது இங்கேதான். ஸ்டீல் குழாயில் உடல்கூடு, மேலே இழுத்துக் கட்டிய துணி, முன்னால் 90 குதிரைத்திறன் கான்டினென்டல் சி-90 எஞ்சின். ஏறத்தாழ 150 விமானங்கள் செய்து நாடு முழுக்க ஃப்ளையிங் கிளப்புகளுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் ஜெட் ஓட்டிய கேப்டன்கள் பலர் முதலில் கையைப் பழக்கியது இதில்தான். இன்று மிச்சம் இருப்பவற்றில் பல ஏதோ ஹேங்கர் மூலையில் தூசி படிந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றையாவது மறுபடி பறக்கவைக்க வேண்டும் என்று வேலை செய்கிறவர்களில் நானும் ஒருவன்.

துணி கிடைக்கிறது. துணியை இறுக்கப் பூசும் டோப் கிடைக்கிறது. தேடினால் எஞ்சின் பாகம்கூடக் கிடைக்கிறது. பெட்ரோல்தான் சிக்கல்.

சி-90 எஞ்சின் 80 ஆக்டேன் விமானப் பெட்ரோலுக்காகச் செய்தது (ஆக்டேன் என்பது எஞ்சினுக்குள் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு). சிவப்புச் சாயம் போட்டு வந்த அந்தப் பெட்ரோல் வழக்கொழிந்துவிட்டது. இப்போது விமானத்துக்கென்று கிடைப்பது நீல நிறத்தில் வரும் ஏவிகேஸ் 100எல்எல். ‘எல்எல்’ என்றால் ஈயம் குறைவு என்று பொருள். ஆனால் பழைய சிவப்புப் பெட்ரோலில் அனுமதித்த ஈயத்தைப் போல நான்கு மடங்கு வரை இதில் இருக்கலாம். அழுத்தம் குறைந்த இந்தப் பழைய எஞ்சின் அவ்வளவு சூடாகாது, ஈயம் முழுதாக எரிந்து வெளியேறாது. சிலிண்டருக்கு இரண்டு பிளக், அதில் கீழ்ப் பிளக்கைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன ஈய மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்க வேண்டும். எங்களோடு வேலை செய்யும் எச்.ஏ.எல். ஓய்வுபெற்ற மாமா ஒருவர், விமானபுராக்காரர், அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்: “தம்பி, பிளக்ல இருக்கறது கண்ணுக்குத் தெரியுது, எடுத்துடுறோம். வால்வு தண்டுல படியறத யார் எடுப்பா?” வால்வு மேலே ஏறி அங்கேயே பிடித்துக்கொண்டால் பறக்கும்போதே எஞ்சின் வலுவிழக்கும் என்பதை அவர் சொல்லத் தேவையில்லை.

100எல்எல்லையும் குறை சொல்ல மாட்டேன். 2022 வரை முழுக்க இறக்குமதிதான். அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் வடோதரா ஆலையில் தயாரித்த ஏவிகேஸை அறிமுகப்படுத்தியது பெரிய விஷயம். பப்புவா நியூ கினிக்கு ஏற்றுமதிகூட ஆனது. ஆனால் சின்னக் குழுவுக்கு அது பேரல் கணக்கில் வாங்க வேண்டிய, விலை கூடின சரக்கு. அதோடு ஈயத்துக்கு உலகமே விடைகொடுத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் காருக்கான பெட்ரோலில் 2000-லேயே ஈயத்தை நிறுத்தியாகிவிட்டது. கலிஃபோர்னியாவில் ரீட் ஹில்வியூ விமானநிலையத்தில் 2022 தொடக்கத்திலிருந்தே 100எல்எல் விற்பதில்லை. அலாஸ்கா தவிர அமெரிக்கா முழுவதும் 2030 முடிவுக்குள் கைவிடுவது இலக்கு.

அப்படியானால் 80 ஆக்டேன் எஞ்சினுக்கு நல்ல வழி என்ன? ஈயமில்லாத சாதாரணக் கார் பெட்ரோல். இது யாரோ ஹேங்கரில் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. இ.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமான ஆர்வலர் சங்கம் ஒரு செஸ்னா 150-ஐக் கார் பெட்ரோலில் சோதித்துப் பார்த்து, 1982-ல் அதற்கு அரசின் முறையான ஒப்புதல் வாங்கியது. பிறகு சி-90 வகை எஞ்சின்கள் உட்பட எத்தனையோ மாடல்களுக்கு அந்த ஒப்புதல் வந்தது. அத்தனைக்கும் பொதுவாக ஒரே நிபந்தனை: ஆல்கஹால் கலந்திருக்கக் கூடாது. அங்கே படகுக்கும் பழைய காருக்கும் கலப்பில்லாத பெட்ரோல் விற்கும் பங்க்குகள் இன்றும் இருக்கின்றன, விமானக்காரர்களும் அங்கே போய் நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே அந்த ஒரு நிபந்தனையிலேயே கதை முடிந்துவிடுகிறது.

ஆல்கஹால் அப்படி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்துச் சின்ன விமானங்கள் பலவற்றில் பெட்ரோல் அளவு காட்டுவது தக்கை. டேங்கில் மிதக்கும் தக்கையில் ஒரு கம்பி, அது மூடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி இறங்கினால் பெட்ரோல் குறைகிறது என்று பைலட் தெரிந்துகொள்வார். தக்கை ஊறாமலிருக்க மேலே அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். அரக்கு பெட்ரோலில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். தக்கை ஊறிக் கனத்து இறங்கிவிடும், கம்பி பொய் சொல்ல ஆரம்பிக்கும். கரைந்த அரக்கு கார்புரேட்டரின் துளியூண்டு ஜெட்டில் போய்ப் பிசின் மாதிரி ஒட்டும். ரப்பர் குழாய், கேஸ்கெட், டேங்க் பூச்சு எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அடுத்தது தண்ணீர். காலையில் பறப்பதற்கு முன் டேங்குக்கு அடியிலிருக்கும் வால்வைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும். அது வராமல் போகும்வரை வடித்துக் கொட்டிவிட்டுக் கிளம்பலாம். பறக்கிறவன் உயிர் அந்தக் குப்பியில்தான் இருக்கிறது. எத்தனால் வந்ததும் குப்பி சாட்சி சொல்ல மறுக்கிறது, ஏனென்றால் தண்ணீர் ஆல்கஹாலோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. மேலே போகப் போக ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் குளிரும். பெங்களூரே 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். குளிரக் குளிரப் பெட்ரோல் தாங்கும் தண்ணீரின் அளவு குறையும். எல்லை தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கும். எஞ்சின் பெட்ரோலை இழுப்பதும் அடியிலிருந்துதான். 20 சதவீதக் கலப்பு 10 சதவீதத்தைவிட அதிகத் தண்ணீரைத் தாங்கும், அதனால் சீக்கிரம் பிரியாது என்பது உண்மை. ஆனால் பிரிந்தால் டேங்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எஞ்சினை ஓட்ட உதவாத திரவம். மேலே மிஞ்சுகிற பெட்ரோலின் ஆக்டேனும் விழுந்திருக்கும்.

கலப்பு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. அளவு குறித்த 100 மில்லி கண்ணாடிக் குழாயில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை பெட்ரோல் ஊற்றுங்கள். மூடிக் குலுக்கிவிட்டு அசையாமல் வையுங்கள். சுத்தப் பெட்ரோல் என்றால் தண்ணீர் 10-லேயே நிற்கும். கலப்பு இருந்தால் எத்தனாலை இழுத்துக்கொண்டு கோடு ஏறும். எங்கள் பக்கத்துப் பங்க் பெட்ரோலில் அது 28-ஐ ஒட்டி வந்து நின்றது. அதாவது 20 சதவீதம். இதைப் பார்த்துவிட்டு, “அப்போ தண்ணியால கழுவியே எத்தனாலை எடுத்துடலாமே” என்று ஒரு பையன் கேட்டான். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எத்தனால் ஆக்டேனை ஏற்றும் என்ற கணக்கில்தான் ஆலையில் அடிப்படைப் பெட்ரோலைக் குறைந்த ஆக்டேனில் செய்கிறார்கள். கழுவினால் கையில் மிஞ்சுவது எஞ்சினை உள்ளேயே தட்டித் தட்டி உடைக்கும் பெட்ரோல்.

நாடு 2003-ல் 5 சதவீதத்தில் தொடங்கி, 2022 ஜூனில் 10-ஐத் தொட்டது. 20 சதவீதக் கலப்பைப் பிரதமர் தொடங்கிவைத்தது 2023 பிப்ரவரியில், இதே பெங்களூரில். இரண்டே ஆண்டில் அதுவே எல்லாப் பங்க்கிலும் சாதாரணப் பெட்ரோல் ஆகிவிட்டது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலப்பைத் தனியாக வைத்திருக்கச் சொன்னது. எங்கே வைத்தார்கள்? கலப்பில்லாத பெட்ரோலும் பங்க்கில் தெளிவான அறிவிப்பும் கேட்டுப் போடப்பட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்தில், சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் மாற்ற வேண்டி வரலாம் என்று இருந்தது. காருக்குச் சரி. ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். இரண்டாயிரம் அடி உயரத்தில் எந்த ஓரத்தில் நிறுத்துவது?

இது பழைய விமானத்தோடு நிற்கவில்லை. மைக்ரோலைட் என்ற எடை குறைந்த குட்டி விமானங்களில் அதிகம் இருக்கும் ரோட்டாக்ஸ் 912 நவீன எஞ்சின், கார் பெட்ரோலுக்கென்றே செய்தது. அதன் உற்பத்தியாளரே எத்தனால் 10 சதவீதம் வரைதான் என்று எழுதிவைத்திருக்கிறார். பங்க்கில் இருப்பதோ 20.

“பிரேசிலில் விமானமே எத்தனாலில் பறக்குதே” என்பார்கள். ஆமாம், இபனேமா என்ற மருந்து தெளிக்கும் விமானம் 2004-லேயே எத்தனாலுக்குச் சான்றிதழ் வாங்கியது. எத்தனாலுக்கென்று மாற்றி, சோதித்து, பிறகு சான்றிதழ். அந்த வரிசையில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. இங்கே எஞ்சின் அப்படியே இருக்க, பெட்ரோலை மட்டும் மாற்றிவிட்டோம்.

பைக் ஆட்கள் 100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோலில் எத்தனால் இல்லை என்று தேடிப்போய் நிரப்புகிறார்கள். நாங்களும் அதைத்தான் நம்பியிருக்கிறோம், ஒவ்வொரு கேனையும் குழாயில் குலுக்கிப் பார்த்த பிறகு. ஆனால் எத்தனாலே இல்லை என்று நாஸிலில் எழுத்தில் போட்டுத் தர யாரும் இல்லை. நாளைக்கு அதிலும் கலந்தால் எங்களுக்கு யார் சொல்வார்கள்? லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் சேர்த்துவைக்கச் சட்டம் விடாது, அது நியாயமும்கூட. ஆனால் மணிக்குச் சுமார் 20 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு அது ஒன்றரை மணி நேரம்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, எந்தப் பங்க்காக இருந்தாலும் நாஸில் மேலேயே கலப்பு சதவீதத்தைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சுழியம் என்றால் சுழியம் என்று எழுதுங்கள். இரண்டு, ஜக்கூர் மாதிரி சின்ன விமானத் தளங்களில் ஆலைச் சான்றோடு ஈயமும் எத்தனாலும் இல்லாத பெட்ரோலைப் பேரலில் கொடுங்கள். விலை கூடினால் கொடுக்கிறோம். ஏவிகேஸை நாட்டிலேயே செய்துகாட்டியவர்களுக்கு இது முடியாத வேலை இல்லை. எண்ணெய் நிறுவனத்திலோ, விமானங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.விலோ வேலை செய்யும் நம் ஆட்கள் யாராவது இதைப் படித்தால், மனுவை யாரிடம், எந்தப் படிவத்தில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். மனு தயாராக இருக்கிறது.