மூத்தது, கடைக்குட்டி: ஒரு சின்னத் திருத்தம்

அண்ணே, "மூத்ததுன்னா பொறுப்பு, கடைக்குட்டின்னா சுயநலம், விஞ்ஞானமே நிரூபிச்சிருச்சு"ன்னு மேல எழுதியிருக்கீங்க. அப்படி ஒன்னும் நிரூபிக்கல. 2015ல வந்த ஆய்வுல அமெரிக்கா, பிரிட்டன், ஜேர்மனியில 20,000க்கு மேற்பட்டவங்களோட தரவைப் பார்த்தாங்க. பிறந்த வரிசைக்கும் குணத்துக்கும் சொல்லிக்கிற மாதிரி தொடர்பே இல்ல. அறிவுச் சோதனையில மட்டும் மூத்தவங்களுக்குச் சின்ன ஏற்றம், அதுவும் சராசரியில.

2007 நோர்வே ஆய்வு இன்னும் சுவாரசியம். மூத்தது சின்ன வயசுலயே இறந்துபோய், வீட்டுல மூத்ததா வளர்ந்த ரெண்டாவது பையன்களும் அறிவுச் சோதனையில தலைப்பிள்ளைங்க அளவுக்கே புள்ளி எடுத்திருக்காங்க. அப்போ பிறந்த வரிசையை விட வீட்டுல கிடைச்ச இடம்தானே பேசுது?

இலங்கையில ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்துலயே (தொழிலாளர் வரிசை வீடுகள்) பாருங்க. அம்மா விடியக்காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்) போயிட்டா, தம்பியை இடுப்புல வச்சுப் தோட்டத்துப் பிள்ளைங்களைப் பார்த்துக்கிற பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு, கசங்கின வெள்ளைச் சட்டையோட ஸ்கூலுக்கு ஓடுறது அக்காதான். அவ பொறுப்போட பிறக்கல, நாம தூக்கி வச்சோம்.

நானும் கடைக்குட்டிதான். அப்பா படுக்கையில விழுந்தப்போ விறகு, தண்ணி எல்லாம் என் தலையிலதான். சுயநலமா இருக்க எங்கண்ணே நேரம்?