நல்லவர் கையில் துப்பாக்கி இருந்தால் ஆபத்தே இல்லையா?

“கைத்துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவர் ஒருவர் இருந்தால் போதும், பொது இடத்தில் மக்களைச் சுடுகிறவனை வீழ்த்திவிடுவார், அவருக்கும் ஒன்றும் ஆகாது” என்று சிலர் சொல்கிறார்கள். முதல் பாதி சில சமயம் நடக்கிறது. 2022 ஜூலையில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், கிரீன்வுட் வணிக வளாகத்தில் 22 வயது இளைஞர் ஒருவர் அப்படித்தான் தடுத்தார். ஆனால் இரண்டாம் பாதி தவறு, அதை நம்பி யாரும் இறங்கிவிடக் கூடாது.

2021 ஜூன் 21, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அர்வாடா நகரம். ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனை, அங்கே கடையில் இருந்த ஒருவர் ஓடிவந்து தன் கைத்துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். அப்புறம் அவனுடைய ரைபிளைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து வந்த இன்னொரு போலீஸ் அதிகாரியின் கண்ணில் பட்டது ரைபிளோடு நிற்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். சுட்டுவிட்டார். பலரைக் காப்பாற்றிய மனிதர் இறந்துபோனார். அதிகாரி மீது குற்றவழக்கும் பதிவாகவில்லை.

2014 ஜூனில் லாஸ் வேகஸ் நகரின் வால்மார்ட் கடையில் நடந்தது வேறு மாதிரி. துப்பாக்கியோடு நுழைந்தவனை நோக்கி ஒருவர் தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். வந்தவனின் மனைவியும் ஆயுதத்தோடு இருந்தது அவருக்குத் தெரியாது. அவளைக் கடந்துதான் போனார். அவள் அவரைச் சுட்டுக் கொன்றாள்.

துப்பாக்கியை எடுத்துச் செல்ல உரிமம் இருந்தால் சட்டம் காப்பாற்றும் என்பதும் சரியில்லை. சுட்டது நியாயமா என்பது தனி விசாரணை. துப்பாக்கி வைத்திருப்பவர்கள், ஆபத்து நீங்கியதும் அதை உறைக்குள் வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்டுங்கள். அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கும்போது உங்கள் உடையின் நிறத்தையும் சொல்லுங்கள்.