ஹப் கியர் நல்லதுதான், ஆனால் ஏற்றத்தில்?

பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே அடங்கிய ஹப் கியர்தான் சுத்தமாக மாறும், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டெரெய்லர் வெறும் தொல்லை என்று சைக்கிள் கியர் பற்றிய உங்கள் கட்டுரை முடிக்கிறது. கொழும்பில் ஓட்டுகிறவருக்கு அது சரி, சிக்னலில் நின்றபடியே கியரைக் குறைத்துக்கொள்ளலாம், டெரெய்லரில் மிதித்தால்தான் செயின் நகரும். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது கதையே வேறு. முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே ஹப்பில் கியரைக் குறைக்கப் பார்த்தால் அது பிடிவாதமாக அப்படியே நிற்கும், காலை ஒரு நொடி தளர்த்தினால்தான் இறங்கும், அந்த ஒரு நொடியில் வண்டி பாதி நின்றுவிடும்.

டெரெய்லரிலும் எல்லாம் ஒன்றல்ல. பின்பக்கத்து டெரெய்லர் செயினின் தளர்ந்த கீழ்ப்பகுதியைத் தள்ளுகிறது, அதனால் ஏற்றத்திலும் ஓரளவு சமாளிக்கும். முன்பக்கத்தில் இருப்பதோ விறைத்து நிற்கும் மேல்பகுதியைத் தள்ளப் பார்க்கிறது, கறகற என்று உரசும், அவசரப்பட்டால் செயின் கழன்று விழும். முன்னால் ஒரே பல்சக்கரமும் பின்னால் 10 முதல் 51 பல் வரை சக்கரங்கள் அடுக்கிய கேசட்டும் வந்தது இங்கே பெரிய நிம்மதி, வீச்சு, அதாவது மிகக் கனமான கியருக்கும் மிக லேசான கியருக்கும் உள்ள விகிதம், 510 சதவீதம். ஷிமானோ நெக்ஸஸ் 8 ஹப்புக்கு 307 தான். ரோலோஃப் 14 ஹப் 526 வரை போகும், விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

மழைக்கும் சேற்றுக்கும் மட்டும் ஹப்பை மிஞ்ச முடியாது, ஒத்துக்கொள்கிறேன். டெரெய்லர் தடுமாறினால் முதலில் கேபிள் உறைக்குள் சேறு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் டெரெய்லரைச் சரிசெய்யும் திருகைத் தொடலாம். அடுத்த கட்டுரையில் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து எழுதுங்களேன்.