அடுப்படியில் காற்றின் தரம் என்ன?

நவம்பர் வந்தால் போதும், டெல்லிப் புகை மூட்டத்தை ஆளாளுக்குப் பகிர்ந்துவிட்டு, நல்லவேளை நாம் இங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அப்போது அம்மாவின் ஊதுகுழல்தான் ஞாபகம் வரும். வேலிக்காத்தான் விறகு, மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிட்டால் எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும், அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊதுவார். முப்பது வருஷம். இப்போது நாலு படி ஏறினாலே இளைப்பு. நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனால், வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்று கேட்டார். அடுப்பைப் பற்றி அவரும் கேட்கவில்லை, சொல்லணும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

ஊர்க் காற்றை அளக்க மொட்டைமாடியில் வைத்த கருவிக்கு அடுப்படி எப்படித் தெரியும்? இதைச் சரியாகப் பிடித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு பல வருஷமாக இதைத்தான் அளக்கிறது. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், பிஎம் 2.5 என்கிற நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது குழந்தையின் எடை சுமார் 4 கிராம் குறைவது தெரிந்தது.

அப்புறம் ஹேப்பின் என்ற பெரிய ஆய்வு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என நாலு நாட்டில் சுமார் 3,200 கர்ப்பிணிகள். இங்கே விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கம். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம், மீதிப் பேர் வழக்கம்போல விறகு. உடம்பிலேயே ஒரு சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு 24 மணி நேரம் சமைத்தார்கள், துவைத்தார்கள், தூங்கினார்கள். விறகு வீட்டில் நுண்துகள் 70-ஐ ஒட்டி இருந்தது, கேஸ் வீட்டில் 24-ஆக இறங்கியது. ஆனால் 2022-இல் முடிவு வந்தபோது பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

உடனே சிலர், பார்த்தீர்களா, விறகடுப்பால் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவசரம்! கேஸ் கொடுத்ததே கர்ப்பமாகிச் சில மாதங்கள் ஆன பிறகுதான். அந்த 24 மைக்ரோகிராம்கூட உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஆண்டுச் சராசரி வரம்பான 5-ஐப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பிறப்பு எடை மாறவில்லை என்பது அம்மாவின் நுரையீரலுக்கான பதிலும் இல்லை. எதிர்பார்த்தபடி வராத முடிவை மறைக்காமல் வெளியிட்டார்களே, எனக்கு அதில்தான் மரியாதை கூடியது.

வெயிலுக்கும் இதே கதைதான். செய்தியில் சொல்லும் டிகிரி, நிழலில் இருக்கும் பெட்டிக்குள் எடுத்தது. அதே ஸ்ரீ ராமச்சந்திராவின் வித்யா வேணுகோபால் குழு, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் வெயில் சூட்டைப் பிடிக்கும் கறுப்பு உருண்டையுமாக வேலை நடக்கும் இடத்துக்கே போகிறது. உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரைப் பார்த்ததில் பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய சூட்டில் வேலை செய்தார்கள். அங்கே நிற்கிற பெண்ணே வீட்டுக்கு வந்து அடுப்பின் முன்னாலும் உட்கார்ந்தால் இரண்டையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எங்கள் வீட்டிலும் கேஸ் வந்து வருஷமாகிறது, ஆனால் வெந்நீருக்குக் கொல்லையில் இன்னும் விறகுதான், சிலிண்டர் விலை அப்படி.

போன வாரம் டாக்டரிடம் நானே அடுப்புக் கதையைச் சொன்னேன். எழுதிக்கொண்டே, எத்தனை வயதிலிருந்து ஊதுகிறீர்கள் அம்மா என்று கேட்டார். அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தா, பின்னாடி இருந்தா என்று திருப்பிக் கேட்டார்.