முகப்பருவுக்கு எலுமிச்சைச் சாறா?

முகப்பருவின் மேல் எலுமிச்சைச் சாறு தடவலாம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் இருக்கும் வரியைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் குறையக் குறைய அமிலம் கூடும். நம் தோலின் பிஎச் அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாறோ 2 தான். எளிதில் எரிச்சல் காணும் தோல் அதைத் தாங்காது.

என் மகளுக்கு 16 வயதில் இப்படித்தான் முகம் எரிந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கினோம். இரண்டே நாளில் முகம் பளபளத்தது, எங்களுக்கும் மகிழ்ச்சி. மூன்று மாதம் கழித்து நிறுத்தியதும் கன்னமெல்லாம் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று அழுதாள். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் மொமெட்டசோன் என்றிருந்தது. அது ஸ்டீராய்டு, சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் வீரியமான மருந்து! மருத்துவர் சீட்டில்லாமல் அதை எடுத்துக் கொடுத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

தோல் மருத்துவர் முதலில் சோப்பை நிறுத்தச் சொன்னார். காலையும் இரவும் மென்மையான ஃபேஸ் வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். சிவப்பு அடங்கிய பிறகே பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்ற பூச்சு மருந்தைத் தந்தார். 10 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் ஆறும் என்று நினைக்காதீர்கள். பலன் ஏறக்குறைய அதேதான், எரிச்சல்தான் கூடும். அது துணியின் சாயத்தையும் வெளுக்கும். மகளின் அரக்கு நிறத் தலையணை உறையில் கன்னம் படும் இடம் மட்டும் திட்டுத்திட்டாக வெளிறிப் போனது. வெள்ளை உறையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பருக்கள் குறைந்து தெரிய எங்களுக்கு எட்டு வாரம் ஆனது. ஸ்டீராய்டு கிரீம்களைப் பற்றி அடுத்த வாரமாவது விரிவாக எழுதுங்கள்.