தாயிடமிருந்து சிசுவுக்கு நோய் தொற்றுமா? பரவும் ஆடியோவும் உண்மையும்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஆடியோ சுற்றுகிறது: "பிறந்த பிள்ளையை முதல் நாள் முழுக்கத் தாயிடம் விடக்கூடாது, கிருமி தொற்றிவிடும். சிசேரியன் என்றால் மூன்று நாள் பாலும் கொடுக்கக்கூடாது."

இரண்டுமே தவறு. நலமாகப் பிறந்த குழந்தை இரவும் பகலும் தாயின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 1989 முதல் சொல்லிவருவது. தாயின் தோலில் உள்ள சாதாரண நுண்ணுயிர்கள் பிள்ளையிடம் சேர்வது நல்லதே. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைய உண்டு; அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதுதான் ஆபத்து. பக்கத்தில் இருந்தால்தான் பிள்ளை வாயைத் திறந்து தேடும்போதே அம்மாவுக்குத் தெரியும். அழுகை பசியின் கடைசி அறிகுறி.

சிசேரியன் ஆன தாயும், மரத்துப்போக முதுகில் ஊசி போட்டிருந்து விழிப்புடன் இருந்தால், முதல் மணி நேரத்திலேயே பால் கொடுக்கலாம். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அவளுடைய அம்மாவோ அத்தையோ கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடை குறைந்த குழந்தைக்கு? இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ எடையுள்ள சிசுக்களைப் பிறந்த உடனேயே தாயின் மார்போடு அணைத்து வைக்கத் தொடங்கியபோது இறப்பு சுமார் 25 சதவீதம் குறைந்தது.

மூச்சுத்திணறல் போன்ற சிக்கல் இருந்தால் சிறப்புப் பிரிவு தேவைப்படலாம். அப்போது ஏன் பிரிக்கிறார்கள், எப்போது தாயிடம் தருவார்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.