ரோபோ சரி, நாடா?
பிசினில் ஊறிய கார்பன் இழை நாடாவை அச்சின் (மோல்டின்) மேல் ஒட்டும் ரோபோவைப் பற்றித்தான் நீங்கள் எழுதிய கட்டுரையில் முக்கால்வாசி. நாடாவுக்கு நான்கே வரி. வேலையே அங்கேதான் இருக்கிறது. 6.35 மி.மீ. நாடாவில் அகலம் சற்றுக் கூடினால் பக்கத்து நாடா மேல் ஏறும், குறைந்தால் இடைவெளி விழும். பிசினின் பசையும் அப்படித்தான். அதிகமானால் நாடாவை அழுத்தும் உருளையிலேயே ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் வளைவில் நாடா எழும்பி நிற்கும்.

ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் இருந்தேன். மே மாதம். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்த எபாக்சிப் பிசின் நாடாச் சுருளின் உறையை, அறைச் சூட்டுக்கு வரும் முன்பே ஒரு பையன் பிரித்துவிட்டான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி முத்து முத்தாக வேர்த்தது. அந்த ஈரத்தால், வெந்து வந்த தகட்டில் ஒரே குமிழி. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? இங்கே ஒட்டும் அறைக்கு ஏசி ஆடம்பரம் இல்லை.

பீக் (PEEK) மாதிரி, சூட்டில் உருகும் தெர்மோபிளாஸ்டிக் பிசினுக்கு ஃப்ரீசர் தொல்லை கிடையாது. ஆனால் உருகவே சுமார் 343 டிகிரி கேட்கும். சாதா ஹீட்டர் வேலைக்கு ஆகாது, லேசர் மாதிரி ஏதாவது வேண்டும்.

அப்புறம், நாடாவை அறுக்கும்போது ஓரத்தில் பறக்கும் கார்பன் இழைப் பிசிறு. அது கரண்ட் கடத்தும், மெஷின் போர்டுக்குள் புகுந்தால் தீர்ந்தது கதை. அதையும் எழுதுங்களேன்.